ஃபார்வேர்டில் போன கடை

கல்மண்டபத்தில் படகு இன்ஜின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்ட நண்பன் சேகர், "கடை மெயிலு எனக்கு ஃபார்வேர்டு ஆவுற மாதிரி வச்சிடறேன் மாமு" என்றான். வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு செய்தால் நம்மிடமும் இருக்குமே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

அதன்பின் ஆர்டர் மெயில் ஒன்றுகூட வரவில்லை. தொழில் படுத்துவிட்டது என்றே நம்பினேன். எண்ணூரிலிருந்து வந்த பழைய வாடிக்கையாளர்தான், "உன் கடைக்கு மெயில் போட்டேன், சேகரு சரக்கு அனுப்சான். தனியா கடை போட்டுகினானாமே?" என்றார்.

வெப்சைட்டும் மெயிலும் இயங்கும் ஹோஸ்டிங் கணக்கைத் திறந்து பார்த்தேன். வரும் மெயிலெல்லாம் நகல்கூட இங்கே தங்காமல் அவனுக்கே போய்க்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "நீதானே மாமு சரின்ன" என்றான்.

ஃபார்வேர்டை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். தினமும் காலையில் மனைவியின் போனிலிருந்து, "சரக்கு கீதா?" என்று என் கடைக்கு நானே மெயில் போட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் அன்றைக்கு வருவது அது ஒன்றுதான்.