என் தொப்பையில் சோதித்த வைரம்

எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. மோதிரம் போட்ட கை துணியைத் தொடக் கூடாது. சட்டம் போட்டது என் மனைவி. போர்டில் முதலாளி என்று என் பெயர் இருப்பது பெயிண்டரின் பெருந்தன்மை.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. சிங்கிள் ஜெர்சி துணி மெல்லியது. ஏதாவது கூர் பட்டால் நூலை இழுத்துவிடும். இழுத்த இடம் ஓட்டையாகும். அந்த பீஸ் ரிஜெக்ட். அதனால் காலையில் வேலை தொடங்கும்போது செக்கிங் பெண்கள் எல்லோரும் மோதிரத்தைக் கழற்றி ஒரு எவர்சில்வர் டிபன் மூடியில் போட்டுவிடுவார்கள். என் மனைவிக்குக் கழற்ற ஒன்றும் இருக்காது. கல்யாண மோதிரம் எப்போதோ பீரோவுக்குள் போய்விட்டது.

அவள் துணி பார்ப்பதை நான் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பேன். எனக்கு வேலை என்று ஒன்று இருந்ததாக இதிலிருந்து நினைத்துவிட வேண்டாம். உள்ளங்கையை விரித்துத் துணிமேல் ஓட்டிக்கொண்டே போவாள். கண் வேறெங்கோ இருக்கும். கை ஓர் இடத்தில் நிற்கும். நின்ற இடத்தில் குனிந்து பார்த்தால் ஒரு முடிச்சு, இல்லையென்றால் ஊசி விட்ட கோடு. வீணை வாசிப்பவர்களிடம்கூட அப்படி ஒரு கையை நான் கண்டதில்லை.

அந்தக் கைக்கு ஒரு வைர மோதிரம் போட வேண்டும் என்று எங்கள் இருபதாவது கல்யாண நாளுக்கு முன்னால் எனக்குத் தோன்றியது. செல்போனில் கேமரா வந்திருந்த புதிது. தெரிந்தவர் ஒருவர் தன் மனைவி விரலில் இருந்த சதுர வைரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். சதுரம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆனால் பீரோவுக்கு இன்னொரு மோதிரம் வாங்கித் தருவதில் எனக்கு விருப்பமில்லை. வேலை நேரத்திலும் அவள் கழற்றாமல் போட்டிருக்க வேண்டும். அதுதான் ஆசை.

ரகசியமாகச் செய்ய நினைத்தேன். ஒரு ஞாயிறு மதியம் அவள் கண்ணயர்ந்தபோது, சட்டைப் பையில் கிடந்த நூலை அவள் விரலில் சுற்றி, சரியாக வெட்டி, நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் நூலை ஸ்கேலில் வைத்துப் பார்த்தார்.

"பேத்திக்குங்களா?"

"எனக்கு ஏதுங்க பேத்தி? ஊட்டுக்காரிக்குங்க."

அவர் நூலின் இரு முனையையும் பிடித்து இழுத்தார். அது நீண்டது. விட்டார். சுருங்கியது.

"ஏனுங்ணா, பனியன் கம்பெனி வெச்சிருக்கறவரு லைக்ராவுலயா அளவெடுப்பீங்க? அக்காளக் கூட்டிட்டு வந்துருங்."

ரகசியம் அங்கேயே முடிந்தது. மறுநாள் அக்காள் வந்தாள்.

கடைக்காரர் நீல வெல்வெட்டில் மூன்று சதுரக் கல் மோதிரங்களை வைத்தார். முதலாவது பிரின்சஸ் கட். நாலு மூலையும் கூர். எந்தப் பக்கம் திருப்பினாலும் தீப்பொறி. இரண்டாவது குஷன், மூலைகள் உருண்டு, சின்னத் தலையணை மாதிரி. மூன்றாவது ஆஷர், மூலைகளைக் கத்தரித்திருந்தார்கள், உள்ளே படிப்படியாக இறங்கியது. மேலிருந்து பார்த்தால் தெப்பக்குளம்.

நான் பிரின்சஸை எடுத்து அவளிடம் நீட்டினேன். "இதுதான். பாரு, எப்படி மின்னுது."

அவள் அதை விரலில் போட்டாள். பக்கத்தில் துணி தேடினாள். கடையில் இருந்த ஒரே சிங்கிள் ஜெர்சி என் உடம்பில் இருந்தது. ஏற்றுமதியில் மிச்சமான டி-ஷர்ட். முன்பக்கம் நல்ல இறுக்கம்.

"சித்த இப்படித் திரும்புங்க."

உள்ளங்கையைத் திருப்பி, கல் என் தொப்பையில் படும்படி மெல்ல ஓட்டினாள். கடைக்காரர் கணக்கு மிஷினைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க. துணி லூசாயிருது."

"நாலு பேரு பாக்கறாங்க புள்ள."

"அவங்க வைரத்தப் பாப்பாங்க."

அடுத்த ஓட்டில் கூர் மூலை நூலை இழுத்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு வளையம் எட்டிப் பார்த்தது.

"இது ஆவாதுங்க," என்றாள்.

குஷன் ஓடியது, கல் இழுக்கவில்லை, கல்லைப் பிடித்திருந்த தங்க நகம் இழுத்தது. தெப்பக்குளத்துக்கும் அதே கதி. என் வயிற்றில் மூன்று வளையம்.

"நகமே வேண்டாங்க்கா. சுத்தியும் தங்கத்துல வரப்பு கட்டிக் குடுத்தர்றன், வழுக்கிட்டுப் போயிரும்," என்றார் கடைக்காரர். "எந்தக் கல்லுன்னு மட்டும் சொல்லுங்." கொஞ்சம் தயங்கி, தெப்பக்குளத்தைத் தொட்டார். "இதுல உள்ள ஒரு சின்னப் புள்ளி இருக்குதுங்க்கா. மத்த ரெண்டுலயும் இருந்தா மின்னல்ல மறைஞ்சுரும். இந்த கட்டுல மறையாதுங்க."

லென்ஸை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் குஷனுக்கு மனதுக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அது மின்னியது, எனக்கு மின்ன வேண்டும்.

"இதே இருக்கட்டுங்க," என்றாள் தெப்பக்குளத்தைக் காட்டி. "தெரியற டேமேஜால ஒண்ணுமில்லீங்க. தெரியாததுதான் கன்டெய்னர்ல போயிட்டுத் திரும்பி வருது."

மோதிரம் வந்தது. முதலில் எனக்கு பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருந்தது. அவள் கையை அசைத்தபோது உள்ளே ஒவ்வொரு படியாக வெளிச்சம் இறங்கிப் போனது. டைல்ஸை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் கல்யாண நாளன்று காலை, செக்கிங் மேசையில் அவள் கை வைத்ததும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் ரொம்ப வருஷமாக இருக்கும் பெண் டிபன் மூடியை நீட்டினாள்.

"கழட்டுங்கக்கா. எங்களுக்கு ஒரு சட்டம், ஒங்களுக்கு ஒரு சட்டமா?"

இவள் கழற்றிவிட்டால் பீரோதான். மனைவி கழற்றினாள். மூடியில் போடாமல் அவளிடமே கொடுத்தாள்.

"நீயே பாரு. நூல் இழுத்தா மூடில போட்டுரு, நான் கேக்கவே மாட்டேன்."

அந்தப் பெண் அன்றைக்கு வந்திருந்ததிலேயே மெல்லிய துணியை விரித்தாள். மோதிரத்தைப் போட்டு, கையைத் திருப்பி, அழுத்தி ஓட்டினாள். குறுக்கே ஓட்டினாள். வட்டம் போட்டாள். மற்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். துணியைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"பாஸ்க்கா," என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு முகத்தில் சிரிப்பே இல்லாமல், "அப்ப எங்களதுல பாஸாவுறதையும் போட்டுக்கிடலாம்லா?"

"போட்டுக்கங்க. துணிதான் சொல்லோணும்," என்றாள் என் மனைவி.

மூடியிலிருந்து ஒவ்வொரு மோதிரமாக எடுத்துத் துணியில் ஓட்டினார்கள். மழமழவென்றிருந்த மோதிரங்கள் விரலுக்குத் திரும்பின. எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண் என் கையைப் பார்த்தாள். என் மாமனார் கல்யாணத்தில் போட்ட சிங்கமுக மோதிரம். காது இரண்டும் விறைப்பாக நிற்கும்.

"அண்ணாச்சி?"

"நான் எங்க துணியத் தொடறேன்?" என்றேன்.

"அதுவும் சரிதான்," என்றாள் என் மனைவி. "இருந்தாலும் குடுங்க."

சிங்கம் முதல் ஓட்டிலேயே நூலைக் கவ்வியது. அன்றிலிருந்து தினமும் காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றி டிபன் மூடியில் போட்டுவிட்டு, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். துணிமேல் அந்தக் கை போகும். சதுரம் கூடவே போகும். எங்கும் மாட்டாது.