சும்மா போட்ட பின்னல்

டிக்கெட்டை வெளிச்சத்துக்கு நேரே ஒருமுறை, திருப்பி ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு அதைக் கொடுத்த ஆளின் செருப்பைப் பார்ப்பார். "மூஞ்சி பொய் சொல்லும். டிக்கெட் எடுக்காதவன் காலு மட்டும் சும்மா இருக்காது." பதினாறு வருடமாக ரயிலில் பரிசோதகராக இருப்பவரின் கண்டுபிடிப்பு இது.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சீருடையோடு கழன்று விடுவதில்லை. பாலை முகர்ந்து பார்ப்பார். கதவைப் பூட்டிப் பாதிப்படி இறங்கியவர், ஏறிப்போய் மறுபடி இழுத்துப் பார்ப்பார். "பூட்டியாச்சுப்பா, நான் பாத்தேன்" என்பாள் ஏழு வயது மகள். அவளையும் ஒரு பார்வை பார்ப்பார்.

மனைவி சண்டையில்லாமல்தான் விலகினாள். "ஒங்களுக்குப் பிடிச்ச ஆளு நான் இல்ல. எந்தப் பொம்பளையும் இல்ல. கொழந்தைக்கு ஒங்க மேலதான் உசிரு, ஒங்ககிட்டயே இருக்கட்டும்." நாலு வருடமாக இது வேறு யார் காதுக்கும் போகாமல் காத்து வருகிறார்.

அவருக்கு வராத ஒரே வேலை சடை பின்னுவது. கோணல் சடையோடு போன குழந்தையைக் கீழே சலூன் வைத்திருப்பவர் ஒருநாள் கூப்பிட்டு, இரண்டே நிமிடத்தில் நேராகப் பின்னிவிட்டார். மறுநாளும். காசு வாங்கவில்லை.

சும்மா எவன் எதைச் செய்வான்? வாசலில் நின்று கண்ணாடி வழியாகக் கண்காணித்தார். சலூன்காரரின் கால்கள் ஆடாமல் அசையாமல் இருந்தன. கைதேர்ந்த ஆளாக இருப்பானோ என்று சந்தேகம் கூடியது. விடுமுறை நாளிலும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கீழே இறங்கும் தன் மேலேயே அடுத்த சந்தேகம் வந்தது.

ஒருநாள் குழந்தை வேன் ஏறியதும் சலூன்காரரே வாயைத் திறந்தார். "சார், நீங்க கேக்க மாட்டீங்க, நானே சொல்லிடறேன். உங்களப் பாக்கத்தான் இவ்வளவு சீக்கிரம் கடை தொறக்கறேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

"யாரு அனுப்பிச்சாங்க உங்கள?" என்று கேட்டுவிட்டுப் படியேறிவிட்டார்.

பத்து நாள் கோணல் சடை. பதினோராம் நாள் குழந்தை பள்ளிப் படியில் விழுந்து மணிக்கட்டு வீங்கியது. ஓடும் ரயிலில் அப்பாவுக்குப் போன் கிடைக்கவில்லை. அவசரத்துக்கு அழைக்க இரண்டாவது பெயர் பள்ளிப் படிவத்தில் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து அவர் அடித்துப் பிடித்து ஓடி வந்தபோது, ஆபீஸ் அறையில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய கையில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார் சலூன்காரர்.

"இவருக்கு யாரு சொன்னது?"

"நான்தாம்பா. கடை போர்டு நம்பர் எனக்கு மனப்பாடம். கூட்டிட்டுப் போறேன்னாரு, பேரு இல்லன்னு டீச்சர் விடல."

சலூன்காரர் எழுந்தார். "இதுக்குமா சார் டிக்கெட் காட்டணும்?" ஐஸ் பையைப் பரிசோதகர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை, தலைவிரிகோலமாக நின்ற மகளோடு சலூனுக்குள் நுழைந்தார் பரிசோதகர். கையில் புதுப் படிவம். முகத்தில் நுரையோடு இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். பரிசோதகர் குரலைத் தாழ்த்தவில்லை.

"நேத்து நான் கேட்டது தப்பு. உங்க பேரு வேணும். போர்டுல கடை பேருதான் இருக்கு."

சலூன்காரர் சொல்ல, எழுதினார். அடுத்த கட்டம்: குழந்தைக்கு என்ன உறவு. பேனா நின்றது.

"இத நீங்களே எழுதுங்க."

சலூன்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் யோசித்து, ஒரே ஒரு வார்த்தை எழுதினார். பரிசோதகர் படிவத்தை வாங்கினார். படித்துப் பார்க்காமல் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.