அண்ணாவின் உயரம்

நாங்கள் வேதக்காரர் அல்ல, சைவக்காரர். ஆனால் பாண் வாங்கக் கடைக்குப் போன அண்ணா திரும்பி வராத நாளிலிருந்து அம்மாவுக்கு எந்தச் சாமியும் அந்நியமாக இருக்கவில்லை. பிள்ளையாரும் அம்மனும் இரண்டு வருடங்களாகக் கைவிரித்துக்கொண்டிருந்தார்கள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவதில் அந்தோனியார் கெட்டிக்காரர் என்று யாரோ சொல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை அப்பாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா கடல் கடக்கும் லோஞ்சில் ஏறிவிட்டார். எனக்கு அப்போது எட்டு வயது.

அக்கரையில் சோதனைச்சாவடியில் பைகளைக் கொட்டிக் காட்டிவிட்டு மணலில் நடந்தோம். கருவாடு காயும் அந்தக் கிராமத்தில் அவ்வளவு பெரிய கோயிலை நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளைக்காரச் சுவாமிமார் அந்தக் காலத்தில் கட்டியதாம். சன்னல்கள் மேலே போகப் போக ஒடுங்கி, மாவிலை நுனி மாதிரிக் கூராக முடிந்தன. ஷெல் விழுந்த அதிர்வில் பாதி நிறக்கண்ணாடிகள் உடைந்துபோக, அங்கே பலகை அடித்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காக நேர்த்தியோ, அவருடைய உயரத்துக்கு மெழுகில் தோய்த்த திரியை வெட்டி, வளையமாகச் சுற்றி அந்தோனியாருக்கு முன்னால் கொளுத்த வேண்டும். திரி வெட்டுகிறவர், "ஆள் என்ன உயரம்?" என்று கேட்டார்.

சண்டை அங்கேதான் தொடங்கியது.

"என்ர காதளவு," என்றார் அப்பா.

"அது போன நேரம். பதினாறு வயசுப் பிள்ளை, இப்ப உங்களைவிட வளர்ந்திருப்பான்," என்றார் அம்மா.

"போன அளவிலேயே வெட்டட்டும்."

"ஏலாது. சின்னத் திரியைக் கொளுத்தினா அந்தோனியார் எந்தப் பிள்ளையைத் தேடுறது?"

எனக்கு அப்பாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. வீட்டில் அவரும் அண்ணாவும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று உயரம் பார்ப்பார்கள். கதிரையில் ஏறி நின்று தீர்ப்புச் சொல்வது நான். எப்போதும் அப்பாதான் வெல்வார். ஆள் இல்லாத நேரத்திலும் தோற்க மனமில்லாமல் அடம்பிடிக்கிறாரே என்று நினைத்தேன்.

"அண்ணை, இவரை வைச்சே அளந்து வெட்டுங்கோ," என்றார் அம்மா திரிக்காரரிடம்.

 அப்பா தூணில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்தார். திரிக்காரர் ஒரு நுனியை நிலத்தில் மிதித்துக்கொண்டு மறு நுனியை மேலே இழுத்தார். அப்போதுதான் அப்பாவின் குதிகளைக் கண்டேன். இரண்டும் நிலத்தில் இல்லை.

"அம்மா, அப்பா நுனிக்காலில நிக்கிறார்! கள்ள அளவு!" என்று கோயில் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

அம்மா குனிந்து பார்த்தார். இரண்டு வருடமாக எங்கள் முன்னால் அழாதவர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். திரி வெட்டி முடியும்வரை அப்பா குதியை இறக்கவில்லை.

அண்ணா இனி வளரமாட்டான் என்று அப்பா எப்போதோ தனக்குள் முடிவு செய்திருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? திரும்பி வரும்போது லோஞ்சில் அவரைச் சீண்டிக்கொண்டே வந்தேன்.

"பாத்தீங்களா, கடைசியில அண்ணாதான் வெண்டது."

"ஓம் பிள்ளை, அவன்தான்," என்றார் அப்பா.

இவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.