எல்லாரும் இருக்கிற ஒரே படம்

பி.யூ.சி. முதல் வருஷம், கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். 'என் குடும்பம்' என்ற தலைப்பில் ஐந்து போட்டோக்களை வைத்து ஸ்லைடு ஷோ செய்து, வகுப்பின் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். கடைசிப் படத்தில் குடும்பம் மொத்தமும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது மிஸ்ஸின் கண்டிப்பு.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டைக் குடைந்து தேடியதில் ஆறு போட்டோ கிடைத்தது. எல்லாரும் சேர்ந்து இருந்தது ஒன்றே ஒன்று. அது அம்மா செத்த அன்றைக்கு எடுத்தது.

தங்கவயலில் எங்கள் ஆட்களிடம் அது வழக்கம்தான். சாவு விழுந்தால் குளிப்பாட்டி, புதுப்புடவை கட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, ஸ்டுடியோக்காரரை வரவழைத்துச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். நாலு பேரும் கிளம்பி ஒரு போட்டோ எடுக்க நேரமே வாய்க்கவில்லை, அன்றைக்குத்தான் வாய்த்தது. அம்மா நடுவில், தாடையைச் சுற்றித் துணி கட்டி. அப்பா பின்னால். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. "இங்க பாரு கண்ணு" என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதும் தம்பி பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டான்.

சுரங்கத்தை மூடி, பெங்களூர் வந்து, அப்பா அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஆன பிறகும் அந்தப் படம் எங்கள் சுவரில்தான் இருந்தது. அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், படித்தேன். எனக்கு அதில் பிணம் தெரிந்ததே இல்லை. அம்மாதான் தெரிவாள்.

பிரௌசிங் சென்டரில் இருந்த அண்ணனும் தங்கவயல்காரர். "அம்மாவா?" என்று மட்டும் கேட்டார். ஸ்கேனர் கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டுப் படத்தை வைத்தார். பிளாப்பியில் ஏற்றி வாங்கிக்கொண்டு காலேஜுக்கு ஓடினேன். மற்ற படங்களையெல்லாம் பக்கவாட்டிலிருந்து பறந்து வர வைத்தேன். அம்மாவை மட்டும் மெல்ல மெல்லத் தெளிந்து வர வைத்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

"அம்மா கம்ப்யூட்டர்ல வருவாளா?" என்று போட்டுக் காட்டுவதற்கு முந்தின ராத்திரி அப்பா கேட்டார்.

"பெருசா வருவாங்கப்பா."

பெரிதாகத்தான் வந்தாள். திரை முழுக்க வந்தாள். முன்வரிசையில் ஒருத்தி, "ஐயோ, டெட் பாடி!" என்று வீறிட்டாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, "அந்தப் பையன் சிரிக்கிறான் பாருடி!" என்றாள். அவ்வளவுதான். கொல்லென்று சிரித்தது வகுப்பு முழுவதும்.

மிஸ் முகம் வெளுத்துவிட்டது. கெட்டவர் இல்லை அவர், பயந்துபோய்விட்டார், அவ்வளவுதான். "யாரம்மா இது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

எங்கம்மா. ஒரே வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு என்ன கேடு? சொல்லியிருந்தால் அத்தனை பேரும் வாயை மூடியிருப்பார்கள். ஒருவேளை மிஸ் என் தோளைத் தொட்டிருப்பார். பாழாய்ப்போன என் வாய், "பக்கத்து வீட்டு ஆன்ட்டி, மிஸ். தெரியாம வந்துடுச்சு" என்று சரளமான கன்னடத்தில் சொன்னது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"டெலீட் மாடு", அழித்துவிடு என்றார் மிஸ். ஸ்லைடை எடுத்தேன். அதோடு விட்டேனா? யாராவது மறுபடி திறந்து பார்த்துவிடப் போகிறார்களே என்று பிளாப்பியிலிருந்த படத்தையும் அழித்தேன். நிச்சயமாகத்தானா என்று அந்த மெஷின்கூட ஒரு தரம் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். பெற்றவளை யாரோ என்று சொல்லிவிட்டு, என் இடத்தில் போய் உட்கார்ந்து, அடுத்தவள் குடும்பம் ஊட்டிக்குப் போன படங்களுக்கு எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

சாயங்காலம் அப்பா டியூட்டி முடிந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று, "அம்மாவப் பாத்துட்டு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"அழகா இருக்காங்கன்னு சொன்னாங்கப்பா."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்துகொண்டேன்.

"இருக்காதா பின்ன?" என்றார். "அன்னிக்குப் பொம்பளைங்க எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, நான்தாம்மா அவளுக்குத் தலை வாரி விட்டேன்."