துக்கத்துக்குத் தரம் பிரித்தவர்

ஹாலாஸ்யத்துக்கு இங்கிலீஷில் துக்கப்படத் தெரியும். தமிழில் அவ்வளவு பழக்கமில்லை. சமயநல்லூர் பக்கம் இருந்த ஒரு நூல் மில்லில் அவர் தலைமை குமாஸ்தா. கே.கே. நகரில் வீடு, ஸ்யாமளா என்று ஒரு மனைவி, ஏழாவது உதையில் கிளம்பும் ஸ்கூட்டர். மில்லில் யார் செத்தாலும் இரங்கல் தீர்மானத்தை இங்கிலீஷில் எழுதி, டைப் அடித்து, காலை பதினோரு மணிக்கு வாசலில் எல்லோரையும் நிற்கவைத்து வாசிப்பது அவர் பொறுப்பு. கேட்டு நிற்கிற முந்நூறு பேரில் பத்துப் பேருக்குப் புரிந்தால் அதிகம். புரியாததாலேயே அதற்கு மரியாதை கூடுதல். ஒரு நகல் இறந்தவர் வீட்டுக்குப் போகும். அவர்கள் அதைக் கண்ணாடி போட்டுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

இந்த வேலையைப் பதினெட்டு வருஷம் பார்த்ததில் ஹாலாஸ்யம் துக்கத்தைத் தரம் பிரித்து வைத்திருந்தார். ‘ரிக்ரெட்’ என்பது, நடந்தது நல்லதல்ல என்று தள்ளி நின்று தெரிவிப்பது; அது தொழிலாளிகளுக்கு. ‘சாரோ’ கொஞ்சம் கிட்டே வந்து உட்காரும், சீக்கிரம் எழுந்து போகாது. குமாஸ்தாக்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் அதைக் கொடுத்தார். நெஞ்சை அடைக்கிற ‘கிரீஃப்’ அதிகாரிகளுக்கு. ஆளையே புரட்டிப் போடுகிற ‘ஆங்க்விஷ்’ முதலாளி குடும்பத்துக்கென்று பத்திரமாக இருந்தது. முதலாளியின் தாயார் காலமானபோது ஒரே ஒரு முறை வெளியே எடுத்தார். ‘மெலங்கலி’யை அவர் தொட்டதே இல்லை. அது காரணம் தெரியாமல் வருகிற துக்கம். மில்லில் காரணம் தெரியாமல் எது வந்தாலும் விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பார்கள்.

ஒருமுறை புது மானேஜர் அனந்தநாராயணன், இறந்துபோன ஃபிட்டர் ஒருவருக்குக் ‘கிரீஃப்’ போடச் சொன்னார். ஹாலாஸ்யம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இவருக்கே கிரீஃப் போட்டுட்டா, நாளைக்கு உங்களுக்கு என்ன சார் போடறது?” என்று கேட்டார். மானேஜர் ‘ரிக்ரெட்’டுக்கே கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு ராத்திரி ஸ்யாமளாவிடம் இதை மூன்று தரம் சொன்னார் ஹாலாஸ்யம். மூன்றாவது தரம் அவள் தூங்கிப்போயிருந்தாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடியில் சுருளி செத்துப்போனான். சுருளி ஆபீஸ் அட்டெண்டர். பதினாலு வருஷமாக மத்தியானம் மணி அடித்ததும் தன் தூக்குவாளியோடு வந்து ஹாலாஸ்யத்துக்கு எதிரே உட்காருவான். இவர் தயிர்சாதம், அவன் கம்மங்கூழோ சோறோ. ஒருவர் சாப்பாட்டை ஒருவர் தொட்டதில்லை. பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. தலைமை குமாஸ்தா ஒருவர் அட்டெண்டரைச் சமமாக உட்காரவைத்துச் சாப்பிடுகிறாரே என்று நாலு பேர் சொன்னபோது, ஹாலாஸ்யம் அதை மறுத்ததில்லை. தன் பெருந்தன்மையைப் பற்றி அவருக்கே நல்ல அபிப்பிராயம் இருந்தது.

சுருளிக்கான தீர்மானத்தை அவர்தான் அடித்தார். ‘ரிக்ரெட்’ என்றே அடித்தார். வேண்டியவன் என்பதற்காகத் தராசைச் சாய்க்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்த நேர்மையை நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார். வாசிக்கும்போது பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டார். தூசி என்று இருமிச் சமாளித்தார்.

பத்து நாள் கழித்துச் சுருளியின் மகள் ஜெயக்கொடி, அப்பாவின் அடையாள அட்டையை ஒப்படைக்க ஆபீசுக்கு வந்தாள். மதுரையில் பி.ஏ. இங்கிலீஷ் கடைசி வருஷம் படிக்கிற பெண். கையில் அந்த நகலும் இருந்தது.

“சார், ஒரு சந்தேகம். இதுல ரிக்ரெட்னு போட்டிருக்கீங்க. பாசஞ்சர் வண்டி லேட்டா வந்தா ஸ்டேஷன்ல மைக்ல சொல்றாங்களே, அந்த ரிக்ரெட்டா? இல்ல, இது வேறயா?”

ஹாலாஸ்யம் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். எத்தனையோ பேருக்குச் சொன்ன விளக்கம்தான். அதை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பதினாறாம் நாளைக்குள்ள கண்ணாடி போடணும்ங்குது எங்கம்மா. என்ன எழுதியிருக்குன்னு தெனமும் கேக்குது. நான் இன்னும் சொல்லல சார்.”

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. “இத வெச்சிட்டுப் போம்மா. வேற அடிச்சு நானே கொண்டாந்து தாரேன்” என்று தாளை வாங்கிக்கொண்டார்.

மானேஜரிடம் போய், சுருளிக்கு மட்டும் ஒரு வார்த்தையை மாற்றிக் கையெழுத்து வேண்டும் என்றார். அனந்தநாராயணன் அந்த நாளுக்காகவே காத்திருந்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

“அட்டெண்டருக்கே கிரீஃப் போட்டுட்டா எனக்கு என்ன ஓய் போடுவீர்?”

ஹாலாஸ்யம் தன் மேஜைக்குத் திரும்பினார். தான் வளர்த்த நாய் தன்னையே கடித்தால் யாரிடம் போய் முறையிடுவது? சொந்தமாக ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று வெள்ளைத்தாளை மெஷினில் சொருகினார். ‘சாரோ’ என்று அடித்தார். குமாஸ்தா வாசனை அடித்தது. ‘கிரீஃப்’ என்று அடித்தார். மானேஜர் முகம் வந்து நின்றது. ‘ஆங்க்விஷ்’ என்று அடித்துப் பார்த்தார். சுருளியே படித்தால் சிரித்திருப்பான். எல்லா வார்த்தையையும் ஒவ்வொரு உத்தியோகத்துக்குத் தைத்துக் கொடுத்தாகிவிட்டது, தனக்கென்று ஒரு கஜம் துணி மிச்சமில்லை. ஏழு தாள் கசங்கியது.

வீட்டில் ஸ்யாமளா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டினாள். “பத்து நாளா தயிர்சாதம் போனபடியே திரும்பி வர்றது. ஏன்னா, உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லே” என்றார். ஒன்றுமில்லாமல் இல்லை. மத்தியான மணி அடித்ததும் அவர் தலை தானாக வாசல் பக்கம் திரும்பும். யாரும் வருவதில்லை. அதற்கப்புறம் டப்பாவைத் திறக்கவே பிடிப்பதில்லை.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி சமயநல்லூரில் இருந்த சுருளி வீட்டுக்குப் போனார். சட்டைப்பையில் எட்டாவது தாள் இருந்தது. ‘கிரீஃப்’தான் போட்டிருந்தார், மானேஜர் என்ன நினைத்தாலும் சரி என்று. சுருளியின் மனைவி சீனியம்மாள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஜெயக்கொடி ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

“நீங்களே படிச்சு அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லிருங்க சார்.”

ஹாலாஸ்யம் தாளைப் பிரித்தார். முதல் வரியை இங்கிலீஷில் வாசித்துவிட்டுத் தமிழில் சொல்லப் பார்த்தார். ‘ஆழ்ந்த’ என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வந்த வார்த்தை எல்லாம் நோட்டீஸில் போடுகிற வார்த்தையாக இருந்தது. தாளை மடித்துவிட்டார்.

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா. மொதல்ல வந்த தாள்ல இருந்த வார்த்தை, கூலிக்காரங்க செத்தா போடறதுக்குன்னு நானா ஒதுக்கி வெச்ச வார்த்தை. யாரும் சொல்லல. நானேதான் அடிச்சேன். இப்ப எனக்கு மத்தியானத்துல சோறு எறங்கல. எதிர்ல அவன் இல்ல. இத இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டார். ஐம்பத்து நாலு வயசு ஆள், பிறத்தியார் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுவது பார்க்க நன்றாக இருக்காது என்று அவருக்கே தெரிந்தது. நிறுத்தத்தான் முடியவில்லை.

சீனியம்மாள் சுவரை விட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அவுக லீவே போட மாட்டாக சாமி. காச்சல்ல கெடந்தாலும் கெளம்பிருவாக. ஏன்னு கேட்டா, ‘சாமிக்கு எதுக்க ஒரு ஆளு இல்லைன்னா சோறு எறங்காது. பாவம், பேச்சுத் தொணைக்கு ஒருத்தரும் இல்லாத மனுசன்’ம்பாக. நெசமாத்தான் சொல்லிருக்காக போல.”

பதினாலு வருஷமாக, தான்தான் சுருளியைச் சமமாக உட்காரவைத்துச் சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார் ஹாலாஸ்யம். சுருளி இவர்மேல் இரக்கப்பட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். கூழைக் குடித்துக்கொண்டு, வருஷக்கணக்காக, ஒரு தாள் கூட டைப் அடிக்காமல்.

எழுந்து செருப்பை மாட்டினார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது, பேசாமல் இறங்கிப் போக வேண்டும். அது தெரியாதவர் இல்லை. ஆனாலும் வழக்க தோஷத்தில், “வாரேம்மா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“வாங்க” என்றாள் சீனியம்மாள். “சாப்பாட்டு நேரமாப் பாத்து வாங்க சாமி.”