பெயர் கூப்பிடும் நாள்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் காசிமாயன் முதலில் சுவரை நகத்தால் சுரண்டுவார். வீட்டுக்காரர் காபி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருப்பார். இவர் சுரண்டின தூளை விரலில் தேய்த்து மோந்துகொண்டிருப்பார். "பட்டி பாக்காத சுவரு, மாப்ள. மேலயே பூசிட்டுப் போயிட்டான்." அறுபது வயது வீட்டுக்காரரும் அவருக்கு மாப்ளதான்.

பெயிண்டிங் மேஸ்திரி. கோச்சடையிலிருந்து திருப்பரங்குன்றம் வரை அவர் ஆட்கள் சாரம் கட்டாத தெரு குறைவு. அட்டையில் அச்சடித்த நிறப் பெயர்களை அவர் மதிப்பதில்லை. ஐவரி என்றால் இட்லி கலர். ஒரு வீட்டம்மா ஆசைப்பட்டுக் கேட்ட நிறத்தை "மூணாம் நாள் ரசம்" என்று சொல்லியே மாற்ற வைத்தார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு, தின்னர் வாடைக்கு. கோபம் வந்தால் குரல் இறங்கும். அவர் கத்தும்போது ஆட்கள் சிரிப்பார்கள், மெதுவாகப் பேசினால் சாரத்தைவிட்டு இறங்கிவிடுவார்கள்.

அந்த ஆட்களில் பாதிப்பேர் ஊருக்கு வெளியே உள்ள இலங்கை அகதி முகாமைச் சேர்ந்தவர்கள். முகாமில் செக்கிங் என்றால் அன்று சாரம் காலி. அதிகாரி வந்து பெயர் கூப்பிடுவார். கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். அந்த நாளுக்கு மேஸ்திரி பழகிவிட்டார். தனியாக உட்கார்ந்து பிரஷ் கழுவுவார்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததுதான் அவருக்குத் தெரியாது. மகள் படிக்கிற அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் அவரும் உறுப்பினர். கூட்டத்துக்குப் போய் மிக்சரைத் தின்றுவிட்டு, கழிவறைச் சுவருக்கு என்ன அடிக்கலாம் என்று சொல்லிவிட்டு வருவார். போன வருடம் ஒரு கூட்டத்தில் தலைமையாசிரியை ஜெயக்கொடி, முகாம் பிள்ளைகளுக்கு மட்டும் அடிக்கடி மொத்தமாகக் காய்ச்சல் வருகிறது, அங்கே தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றார். காசிமாயன் மிக்சரைக் கீழே வைத்தார். எந்தெந்த நாள் என்று கேட்டார். அம்மையார் வருகைப் பதிவைப் பார்த்துச் சொன்னார்.

"அது காய்ச்சல் இல்ல டீச்சர். அன்னைக்கெல்லாம் என் சாரமும் காலி. அது செக்கிங்கு."

வகுப்பில் அகதி என்று பெயர் விழுந்துவிடக் கூடாதென்று பிள்ளைகள் காய்ச்சல் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். முந்தைய அதிகாரி, பள்ளிப் பிள்ளை என்றால் போகட்டும் என்று விட்டுவிடுவார். போன வருடத்திலிருந்து கெடுபிடி கூடிவிட்டது. புதிதாக வந்தவர், நேரில் நிற்காத பெயரை வெட்டிவிடுவேன் என்கிறார். பெயரை வெட்டினால் முகாமில் வீடும் இல்லை, அரிசியும் இல்லை.

இந்த மாசியில் அந்தக் கெடுபிடி தமிழ்வாணி தலையில் வந்து விழுந்தது. காசிமாயனிடம் பத்து வருடமாக வேலை பார்க்கும் யோகராசாவின் மகள், அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. செய்முறைத் தேர்வும் செக்கிங்கும் ஒரே நாள், ஒரே காலை. யோகராசா சாரத்தில் நின்றபடியே, பிள்ளையை அனுப்பப் போவதில்லை என்றார்.

"பேரை வெட்டிப்போட்டாங்களெண்டா நாங்கள் எங்க போறது அண்ணை? சோதனையை அடுத்த வருசமும் எழுதலாம்."

காசிமாயன் குரல் இறங்கியது. "அடுத்த வருசமும் செக்கிங் வரும்ல. பிள்ளைய பரிச்சைக்கு அனுப்பு. பேருக்கு நான் இருக்கேன்."

அன்று மாலையே ஜெயக்கொடி அம்மாவிடம் போனார். சேர்த்துக்கொண்ட பிள்ளையைத் தேர்வு எழுத விடாமல் நிறுத்த எவருக்கும் உரிமை கிடையாது, அது எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி என்று அம்மையார் சொன்னார். தேர்வுக்குப் போகிற முகாம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சான்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தத் தாள்களை ஒரு பையில் மடிக்காமல் வைத்துக்கொண்டு வந்தார் காசிமாயன்.

செக்கிங் நாள். முகாமில் குடும்பம் குடும்பமாக வரிசை. யோகராசாவுக்கும் அவர் மனைவிக்கும் நடுவே ஓர் ஆள் இடைவெளி. அதிகாரி தமிழ்வாணி என்று கூப்பிட்டதும் காசிமாயன் போய் அந்த இடைவெளியில் நின்று சான்றை நீட்டினார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. யார் நீங்கள் என்றார் அதிகாரி. பள்ளிக்கூடத்துக் குழு என்றார் இவர். ஆள் நேரில் நிற்க வேண்டும், தாள் நிற்கக் கூடாது என்றார் அதிகாரி.

"பரிச்சை முடிஞ்சதும் வந்து நிக்கும் சார். இப்பவே பாக்கணுமா, வாங்க, என் வண்டி வெளிய நிக்குது. பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியா பாத்துக்கங்க. உள்ள மட்டும் போகக்கூடாது. இல்ல, வெட்டித்தான் ஆகணும்னா, பிள்ளை பரிச்சைக்குப் போனதுனால வெட்டுனேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கலெக்டர் ஆபீசுக்கு நானே கொண்டு போறேன்."

மெதுவாகத்தான் சொன்னார். வரிசையில் நின்ற பெயிண்டர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு அந்தக் குரல் தெரியும்.

அதிகாரி சான்றை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றி மாட்டினார், மறுபடி கழற்றினார். பெயருக்கு எதிரே 'பள்ளி' என்று எழுதிவிட்டு, தலை நிமிராமல் அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார். அதிலும் ஒரு பிள்ளைக்குத் தேர்வு. தாய்க்கும் தம்பிக்கும் நடுவே இடம் காலியாக இருந்தது.

காசிமாயன் பையிலிருந்து அடுத்த தாளை எடுத்துக்கொண்டு, நகர்ந்து போய் அங்கே நின்றார்.