ஒரு மடக்குத் தண்ணீர்

துணி ஆலையின் வாசலில் காவலுக்கு நிற்பவரை எல்லோரும் 'ரூல்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையை மறந்து வந்த மேலாளரையே வெயிலில் நிற்கவைத்த ஆள். அந்தக் கறார்தான் அவருடைய மனைவியின் உயிருக்கு உலைவைக்கப் பார்த்தது.

மனச்சோர்வு முற்றி, அந்த அம்மாள் பேச்சை விட்டு, சரியாகச் சாப்பிடாமல் மாதக்கணக்காகியிருந்தது. எந்த மாத்திரைக்கும் அசையவில்லை. கடைசியில் மயக்க மருந்து கொடுத்து ஷாக் சிகிச்சையை ஆரம்பித்தார்கள். இரண்டாவது தடவை முடிந்து வீடு திரும்பியவர், கணவரை ஏற இறங்கப் பார்த்து, "ஷேவ் பண்ணக்கூட நேரமில்லையா?" என்றார். ரூல்ஸ் குளியலறைக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகத்தை மழித்துக்கொண்டு வந்தார்.

மூன்றாவது தடவை ஷாக் கொடுத்ததும் இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தது. ஊசி போட்டு அதை வழிக்குக் கொண்டுவந்து, நெஞ்சில் ஒயர்களோடு இதய வார்டில் படுக்கவைத்தார்கள். சிகிச்சை இத்தோடு நின்றுவிடுமோ, மறுபடி சுவரோடுதான் குடித்தனமோ என்று நினைத்தபடி ரூல்ஸ் கட்டிலருகிலேயே காவல் நின்றார்.

இதய டாக்டரம்மா வந்தார். "காலையில பிரஷர் மாத்திரை குடுத்தீங்கல்ல?"

"இல்லைங்க. மயக்க மருந்துக்கு முன்னாடி ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூடாதுன்னு நர்சம்மா சொன்னாங்க."

"அந்த மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணியில குடுக்கச் சொன்னோமே?"

"ரெண்டு ரூல் இருந்துச்சு. எது கறாரோ அதைப் பிடிச்சுக்கிட்டேன்."

பக்கத்தில் நின்ற கொழுந்தியாள் தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, அக்கா என்ன உங்க மில்லு வாசலா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஷாக் குடுத்ததும் பிரஷரும் துடிப்பும் எகிறும். மாத்திரை இல்லாததால இன்னும் அதிகமா எகிறியிருக்கலாம். அது மட்டும்தான் காரணம்னு சொல்லிட முடியாது, ஸ்கேன் எடுத்துப் பார்த்துடறேன்."

"நிறுத்திடுவீங்களா?"

"நிறுத்தினா பட்டினி கிடப்பாங்க. அதுவும் இதயத்துக்கு ஆகாது. மனநல டாக்டர்கிட்ட பேசறேன். அடுத்த தடவை நானே பக்கத்துல நிக்கறேன்."

ஸ்கேனில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. அடுத்த தடவை ரூல்ஸ் தன் கையாலேயே மாத்திரையைக் கொடுத்தார். "வாயைத் திற" என்று நாக்குக்கு அடியிலும் எட்டிப் பார்த்தார். மனைவி முறைத்தார்.

சிகிச்சை அறைக்கு வெளியே நாற்காலி கிடந்தும் அவர் உட்காரவில்லை. டாக்டரம்மா வந்து, "துடிப்பு கொஞ்சம் தடுமாறுச்சு, தானா சரியாயிடுச்சு" என்றபிறகுதான் காலில் வலியே தெரிந்தது.

மயக்கம் முழுக்கத் தெளிந்ததும் கொழுந்தியாள் சூப் ஊட்டினாள். ஒரு வாயிலேயே அக்காவின் முகம் கோணியது.

"உப்பே இல்ல."

"டாக்டர்தான் உப்பைக் குறைக்கச் சொன்னாங்க" என்றார் ரூல்ஸ்.

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க. இதை ஒரு வாய் குடிச்சுக் காட்டட்டும்."

சொல்லிவிட்டு, தங்கையின் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கி, முகத்தைச் சுளித்தபடியே மிச்சத்தையும் குடித்தார்.